வால்பாறையில் கண் தானம்: வழிகாட்டுதல் வேண்டி

அனைவருக்கும் வணக்கம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற எங்கள் அம்மாச்சி, தம் மறைவுக்குப் பின் கண்களைத் தானமாக அளிக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறார். கண்புரை அறுவை செய்துகொண்டவரும் சர்க்கரை நோய் உள்ளவரும் கருவிழி தானம் செய்யலாம் என்பதை அறிந்துகொண்டோம். ஆகவே அந்தத் தயக்கம் எங்களுக்கு இல்லை.

எங்கள் கவலை தூரமும் நேரமும்தான். உயிர் பிரிந்த 6 மணி நேரத்துக்குள் கண்களை எடுத்தாக வேண்டும் என்கிறார்கள்; நாங்களோ பொள்ளாச்சியிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, மழைக்காலத்தில் மரம் விழுந்தாலே போக்குவரத்து நின்றுவிடும் ஊரில் இருக்கிறோம். இமைகளை மூடி, அவற்றின் மேல் ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வைப்பது வரை எங்களால் இயலும். அதற்குப் பிறகு யாரை அழைப்பது என்பதுதான் தெரியவில்லை.

பயிற்சி பெற்ற தொழில்நுட்பரும் கண்களை எடுக்கச் சட்டம் இடமளிப்பதால், வால்பாறையிலேயே அத்தகையவர் எவரேனும் உள்ளாரா, இரவில் அழைத்தால் பொள்ளாச்சியிலிருந்தோ கோவையிலிருந்தோ குழு மலையேறி வருமா என்பதை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். மலைப்பகுதியில் தானம் அளித்த குடும்பத்தினர் இருந்தால் உங்கள் அனுபவம் பெரிதும் உதவும்.

இன்னொன்று: உறுதிமொழிப் படிவம் இருந்தாலும் அந்த நேரத்தில் குடும்பத்தாரின் சம்மதம் தேவை. முகம் சிதைந்துவிடும் என்று அஞ்சும் என் பெரிய மாமாவிடம் (எங்கள் வீட்டில் இறுதிச் சொல் அவருடையது) எப்படிப் பேசலாம்?