காசிமேட்டுக் கடல் தண்ணீரை ரீஃப் தொட்டியில் ஊற்றலாமா?

ராயபுரம்_மாடிவீடு:
ரீஃப் தொட்டி, அதாவது பவளமும் கடல்மீனும் வளர்க்கும் தொட்டி வைக்க ஆசை. மூன்றடித் தொட்டி வாங்கிவிட்டேன், சுமார் 190 லிட்டர் பிடிக்கும். கடல் நடந்துபோகும் தூரம்தான். கேனில் பிடித்து வந்து ஊற்றினால் போதாதா? பவளமும் ஒரு ஜோடி க்ளவுன் மீனும் வைப்பதாக மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

கொளத்தூர்_மீன்காரன்:
வேண்டாம் தம்பி. துறைமுகத்தை ஒட்டிய தண்ணீரில் டீசலும் கழிவும் கலந்திருக்கும். நான் ஊற்றிப் பார்த்தவன். மூன்றாம் நாள் டாம்செல் மீன் செத்து மிதந்தது, இன்னும் மனசு ஆறவில்லை. ஆர்.ஓ. தண்ணீரில் மீன்தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்பைக் கலங்கள், லிட்டருக்குச் சுமார் 35 கிராம். உப்பின் அளவைப் பார்க்கும் ஹைட்ரோமீட்டர் 1.025 காட்ட வேண்டும். அப்புறம் மீன் இல்லாமலே நாலைந்து வாரம் ஓடட்டும். மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் க்ளவுன். தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் வெறும் ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். உப்பு தொட்டியிலேயேதான் இருக்கும்.

தண்டையார்பேட்டை_அக்கா:
பவளம் பற்றி ஒரு வார்த்தை. கல் பவளம் எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கடல்குதிரையும் அப்படியே. யார் விற்றாலும் வாங்காதீர்கள். செராமிக் பாறை அடுக்குங்கள், க்ளவுனுக்கு அதுவே போதும்.

ராயபுரம்_மாடிவீடு:
சரி அக்கா, பவளம் இல்லை. மகளிடம் இன்றே சொல்லிவிடுகிறேன். ஆனால் மேல்மாடி, மே மாத வெயில்?

கொளத்தூர்_மீன்காரன்:
26 டிகிரியை ஒட்டியே வைத்திருங்கள். மின்விசிறி இரண்டு மூன்று டிகிரிதான் குறைக்கும், நம்ம ஊர்ப் புழுக்கத்தில் அதுவும் சந்தேகம். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவிக்குப் பணம் சேர்த்த பிறகு மீன் வாங்குங்கள். கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர்பம்ப் ஒன்றும் வேண்டும்.