நிறுவனக் களஞ்சியங்களில் முழுக் கட்டுரைகள் ஏன் இவ்வளவு குறைவு?

கேள்வி:
வணக்கம். பல்கலைக்கழக நூலகம் ஒன்றில், எங்கள் ஆய்வாளர்களின் கட்டுரைகளை இணையத்தில் சேமித்து யாவரும் படிக்க வைக்கும் ஆய்வுக் களஞ்சியத்தைக் கவனிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். ஓப்பன்டோர் அடைவில் உலகெங்குமுள்ள 5,000-க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் பதிவாகியுள்ளன. களஞ்சியம் அமைக்க உதவும் ஈபிரின்ட்ஸ், டிஸ்பேஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. ஆயினும் நான் பார்த்த பலவற்றில் தலைப்பும் சுருக்கமும் மட்டுமே இருக்கின்றன. கட்டுரையைத் திறக்க முயன்றால் பதிப்பாளரின் கட்டணப் பக்கத்திற்கே போய்ச் சேருகிறோம். இயற்பியல், கணிதம் போன்ற துறைகளின் கட்டுரைகளுக்கான ஆர்கைவ் களஞ்சியம் நிரம்பி வழியும்போது மற்றவை ஏன் வெறுமையாகக் கிடக்கின்றன?

மறுமொழி 1:
ஆர்கைவை அளவுகோலாகக் கொள்வது பொருந்தாது. 1991-இல் பால் கின்ஸ்பார்க் அதைத் தொடங்கும் முன்பே, அச்சேறாத கட்டுரைகளின் படிகளை அஞ்சலில் அனுப்பிப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் உயர் ஆற்றல் இயற்பியலாளரிடம் வேரூன்றியிருந்தது; அவர் அதற்கு வேகம் கொடுத்தார். அத்தகைய வழக்கம் இல்லாத துறைகளில் வேண்டுகோள் மட்டும் பலிப்பதில்லை. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள், தாம் நிதியளித்த ஆய்வுகளின் கட்டுரைகளைப் பப்மெட் சென்ட்ரல் என்ற மருத்துவக் கட்டுரைக் களஞ்சியத்தில் இடுமாறு 2005-இல் கேட்டுக்கொண்டபோது மிகச் சிலரே இட்டனர். 2008-இல் அது கட்டாயமான பின்னரே நிலைமை மாறியது. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகமோ, பதவி உயர்வுக்கான மதிப்பீட்டில் தன் ஓர்பி களஞ்சியத்திலுள்ள கட்டுரைகளை மட்டுமே கணக்கில் கொள்வது என்று முடிவெடுத்தது. அங்கே யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. உங்கள் நிறுவனத்தின் மதிப்பீட்டுக் குழு களஞ்சியத்தைப் பார்க்கிறதா என்பதை முதலில் கேளுங்கள்.

மறுமொழி 2:
மேலே நண்பர் சொன்னதுடன் உடன்படுகிறேன். ஆனால் உரிமைச் சிக்கலைத் தீர்க்காமல் கட்டாயப்படுத்தினால், ஆய்வாளர்கள் கோப்பைப் பூட்டியே இடுவார்கள். பல பதிப்பாளர்கள் அச்சான வடிவத்தைத் தர மறுத்தாலும், மதிப்புரையாளர்களின் திருத்தங்களுக்குப் பின் ஏற்கப்பட்ட ஆசிரியர் படியைத் தடைக்காலம் (பதிப்பாளர் விதிக்கும் காத்திருப்புக் காலம்) முடிந்ததும் வெளியிட அனுமதிக்கின்றனர். அந்தப் படி ஆசிரியரின் கணினியிலேயே கிடந்து தொலைந்துபோவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. கட்டுரை ஏற்கப்பட்ட அன்றே அதைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். இரண்டாண்டுகள் கழித்துக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

தடைக்காலமும் மாற்ற முடியாத விதியன்று. ஹார்வர்டின் கலை, அறிவியல் புல ஆசிரியர்கள் 2008-இல் தம் கட்டுரைகளை வெளியிடும் உரிமத்தைப் பல்கலைக்கழகத்திற்கு முன்கூட்டியே வழங்கிவிட்டனர். அர்ஜென்டினாவின் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பொது நிதியில் உருவான கட்டுரைகளை அவை வெளியான ஆறு மாதங்களுக்குள் களஞ்சியத்தில் இடச் சொல்கிறது. மேலே குறிப்பிட்ட அமெரிக்க நிறுவனங்களும், முன்பு அனுமதித்த பன்னிரண்டு மாதக் காத்திருப்பை 2025 ஜூலை 1 முதல் நீக்கிவிட்டன.

மறுமொழி 3:
பராமரிப்பையும் மறந்துவிடாதீர்கள். செயற்கை நுண்ணறிவுக்குத் தரவு திரட்டும் தானியங்கி நிரல்கள் ஓயாமல் மொய்ப்பதால் சிறிய களஞ்சியங்களின் வழங்கிகள் திணறுகின்றன. அவற்றை மொத்தமாகத் தடுத்தால், ஓஏஐ-பிஎம்ஹெச் நெறிமுறை வழியாக மீத்தரவை (தலைப்பு, ஆசிரியர் போன்ற விவரங்களை) திரட்டும் பயனுள்ள சேவைகளும் அடைபட்டுவிடக்கூடும். ஆகவே அந்த நெறிமுறைக்கான முகவரிக்கு மட்டும் விலக்கு அளியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. எங்கள் மதிப்பீட்டுப் படிவத்தில் களஞ்சிய இணைப்புக்கு இடமே இல்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன். அதைச் சேர்க்கக் கோரியும், ஏற்புக் கடிதம் வந்த வாரத்திலேயே ஆசிரியர் படியைப் பெற அனுமதி வேண்டியும் கல்விக் குழுவுக்கு எழுதுகிறேன்.