கியரும் சஸ்பென்ஷனும் இல்லாத மலைச் சைக்கிள்: நீலகிரிக்கு ஒத்துவருமா?

தேயிலைத்தடம் கேட்டது:

வணக்கம். கோத்தகிரியில் வசிக்கிறேன். தேயிலைத் தோட்டங்களின் மண்பாதைகளிலும் அவற்றை இணைக்கும் ஊர்ச்சாலைகளிலும்தான் பெரும்பாலும் ஓட்டுகிறேன். இப்போது வைத்திருப்பது முன்பக்கம் 100 மில்லிமீட்டர் சஸ்பென்ஷனும் பின்பக்கம் பத்துக் கியரும் உள்ள 29 அங்குலச் சக்கர வண்டி. ஐப்பசி, கார்த்திகை மழையில் சேறு பல்சக்கரங்களுக்கு இடையே அப்பிக்கொண்டு செயின் துள்ளுகிறது. கவாத்து செய்த தேயிலைத் தண்டிலோ கல்லிலோ, கியர் மாற்றும் கருவியான டெரெய்லர் இடித்து, அதைத் தாங்கும் ஹேங்கர் வளைந்துவிடுகிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் சீல் மாற்றுவதற்கோ கோவைக்கு இறங்க வேண்டியிருக்கிறது. ஆகவே குரோமோலி எஃகுச் சட்டம், சஸ்பென்ஷன் இல்லாத ரிஜிட் ஃபோர்க், ஒற்றைக் கியர் என்று எளிய வண்டி ஒன்றுக்கு மாறிவிட எண்ணுகிறேன். எடை 70 கிலோ. வயது நாற்பதைக் கடந்துவிட்டது. முழங்கால் தாங்குமா, கை மரத்துப்போகுமா, மேட்டுப்பாளையம் வரை இறங்கி மீண்டும் ஏறிவர இயலுமா என்பதை, இத்தகைய வண்டியை வைத்து ஓட்டுபவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

செயின்வீல் எழுதியது:

கோவையில் சைக்கிள் பழுது பார்க்கும் தொழிலில் இருக்கிறேன். உங்கள் முதல் குறைக்கு இது நல்ல தீர்வுதான். ஆனால் உதிரிபாகங்கள் குறைந்துவிட்டால் கவனிக்க வேண்டியதும் குறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம். இருக்கும் சில பாகங்களைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால்தான் இந்த வண்டி ஆண்டுக்கணக்கில் தொல்லை தராமல் ஓடும்.

முதலில் முன்பல்லுக்கும் பின்பல்லுக்கும் உள்ள விகிதம். நம் ஊர் சாதாரண ரோட்ஸ்டர் சைக்கிளும் ஒற்றைக் கியர்தான் என்றாலும் அதன் விகிதம் இரண்டரைக்கு அருகில் இருக்கும். அதைக்கொண்டு மலையேற்றத்தைக் கணக்கிட முடியாது. 29 அங்குலச் சக்கரத்துக்கு முன்னே 32 பல், பின்னே 20 பல் என்று தொடங்குங்கள். ஒரு சுற்று மிதித்தால் ஏறத்தாழ 3.7 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரும். சமதளத்தில் அதற்கு மேல் விரைய நினைப்பவருக்கு இந்த வண்டி பொருந்தாது. உங்கள் பகுதி ஏற்றங்களுக்குப் பின்னே 22 பல் கூடத் தேவைப்படலாம் என்பது என் கருத்து.

அடுத்தது செயினின் இழுவிசை. டெரெய்லர் இல்லாத வண்டியில் செயினின் தொய்வை ஏற்றுக்கொள்ள வேறு எதுவும் இல்லாததால், பின் அச்சை நகர்த்தித்தான் அதைச் சரிசெய்ய வேண்டும். பின்னோக்கித் திறந்த கிடைமட்ட டிராப்அவுட்டைவிட (டிராப்அவுட் என்பது சட்டத்தில் அச்சு அமரும் இடம்), டிஸ்க் பிரேக்கின் பிடியான காலிப்பரும் அச்சுடன் சேர்ந்தே நகரும் வகையிலான சறுக்கு டிராப்அவுட் உள்ள சட்டத்தை வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை செயினை இறுக்கும்போதும் பிரேக்கையும் திரும்ப ஒழுங்குபடுத்த நேரும். பின்பல்லில் ஒன்றைக் கூட்டினாலோ குறைத்தாலோ அச்சு சுமார் 3 மில்லிமீட்டர்தான் நகரும் என்பதால், 20, 22 இரண்டையும் ஒரே செயினில் மாற்றி மாற்றிப் போடலாம்.

இறுக்கும்போது பெடலைத் தாங்கும் கிராங்கை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுழற்றிப் பாருங்கள். முன்பல்சக்கரமான செயின்வீல் எதுவும் முழு வட்டமாக, நடுவில் பிசகாமல் அமைவதில்லை; ஓரிடத்தில் செயின் விறைக்கும், எதிர்ப்பக்கம் தளரும். செயின்வீலின் போல்ட்டுகளைச் சற்றே தளர்த்தி, விறைக்கும் இடத்தில் செயினை லேசாகத் தட்டினால் செயின்வீல் நகர்ந்து நடுவுக்கு வரும். பிறகு போல்ட்டுகளை இறுக்கி, மிக விறைப்பான இடத்திலும் செயினின் நடுப்பகுதி மேலும் கீழுமாக ஒரு சென்டிமீட்டர் அசையும்படி விடுங்கள். இந்த ஒரு வேலையை நிதானமாகச் செய்துவிட்டால் வண்டி ஓசையின்றி ஓடும்.

தகட்டில் வெட்டிய மெல்லிய பின்பல்சக்கரத்தை மட்டும் போடாதீர்கள். எழுந்து நின்று மிதிக்கும் வலுவில் அது, தான் அமரும் அலுமினிய ஃப்ரீஹப்பின் வரிகளைக் கடித்து உள்ளே இறங்கிவிடும். அடிப்பகுதி அகலமான எஃகுப் பல்சக்கரமே தகும்.

பைன்மலை எழுதியது:

கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் இதுபோன்ற வண்டியைத்தான் ஓட்டுகிறேன். மலைச் சைக்கிள் பிறந்த இடங்களுள் ஒன்று இது. ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே 'ரீபேக்' பந்தயம் 1976-இல் தொடங்கியபோது, அதில் இறங்கியவற்றுள் பல பழைய ஒற்றைக் கியர் வண்டிகள். மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் பிடிக்கும் பிரேக் கொண்டவை. இறங்கி முடிப்பதற்குள் பின்ஹப்பின் கிரீஸ் சூட்டில் கருகிவிடும். மீண்டும் கிரீஸ் நிரப்ப வேண்டும். பந்தயத்தின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். அந்த வண்டிகளைப் பெரும்பாலும் டிரக்கில் ஏற்றியோ தள்ளியோதான் மேலே கொண்டுசென்றார்கள் என்பதையும், ஏறுவதற்காகவே விரைவில் கியர் சேர்க்கப்பட்டது என்பதையும் மறந்துவிடக் கூடாது. தள்ளிக்கொண்டு நடப்பதை இயல்பாக ஏற்பவர்க்கே இந்த வண்டி இசையும்.

கை மரத்துப்போவது உண்மையான இடர். மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்தால், உள்ளங்கையின் வெளிப்பக்கம் ஓடும் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். அதற்கு முதல் மருந்து முன்டயர்: 2.6 அங்குல அகலம், டியூப்லெஸ், உங்கள் எடைக்குக் காற்றழுத்தம் 17, 18 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்கி, கல்லில் ரிம் தட்டாத அளவுக்கு மெல்லக் குறைத்துப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் டயர் கூழாங்கல்லின் மேல் குதிக்காமல் அதை உள்வாங்கிக்கொண்டு உருள்வதைக் கையே உணரும். பின்னோக்கி வளைந்த ஹேண்டில்பாரும் உதவும். வேர்களும் பெருங்கற்களும் அடர்ந்த நீண்ட இறக்கத்தில் எந்த டயரும் சஸ்பென்ஷனுக்கு ஈடாகாது. அங்கே வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும்.

தேயிலைத்தடம்:

இருவருக்கும் மிக்க நன்றி. முழங்காலைப் பற்றியும் மேட்டுப்பாளையம் சாலையைப் பற்றியும் யாரேனும் கூற முடியுமா?

உதகைமிதி எழுதியது:

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். ஏறும் உயரம் 1,400 மீட்டருக்கு மேல். சராசரிச் சரிவு நான்கு, ஐந்து சதவீதம்தான் என்பதால் 32-க்கு 20 கொண்டு ஏறலாம். ஆனால் நிமிடத்துக்கு 50 சுற்று மிதித்தாலே மணிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் நெடுநேரம் விடாமல் உழைக்க வேண்டியிருக்கும். முழங்கால் மூட்டைக் கெடுப்பது, உட்கார்ந்த நிலையில் மெதுவான சுற்றில் பலத்தைக் கொடுத்து அழுத்துவதே. மிதி கனக்கத் தொடங்கும் முன்பே எழுந்து நின்று உடல் எடையால் மிதியுங்கள். பின்டயர் வழுக்கினால் இடுப்பைச் சற்றுப் பின்னே தள்ளுங்கள். அதற்கும் மேல் இறங்கி நடந்துவிடுங்கள். ஏற்கெனவே முழங்கால் வலி உள்ளவராக இருந்தால் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

செயின்வீல் எழுதியது:

ஒன்று விடுபட்டுவிட்டது. புதுச் சட்டம் வாங்கும் முன், இப்போதுள்ள வண்டியிலேயே பத்துப் பல்சக்கரங்களையும் கழற்றி, ஒரே பல்சக்கரமும் இடைவளையங்களும் போட்டு, ஹேங்கரில், செயினின் தொய்வை இழுத்துப் பிடிக்கும் சிறிய டென்ஷனர் ஒன்றைப் பொருத்தி, இந்த மழைக்காலம் முடியும்வரை ஓட்டிப் பாருங்கள். ஃபோர்க்கைப் பூட்டும் வசதி இருந்தால் பூட்டியே ஓட்டுங்கள். ஹேங்கர் வளையும் இடர் முற்றிலும் நீங்காது என்றாலும், 20 பல்லா 22 பல்லா என்பதை உங்கள் கால்களே சொல்லிவிடும். பிறகு அதே சட்டத்தில் ரிஜிட் ஃபோர்க் போட விரும்பினால், 29 அங்குலச் சக்கரத்துக்கென 470 முதல் 490 மில்லிமீட்டர் நீளத்தில் கிடைப்பதையே கேட்டு வாங்குங்கள். அதைவிடக் குட்டையானதைப் போட்டால் முன்பக்கம் தாழ்ந்து, பெடல் கல்லில் இடிக்கும்.