ஒடியாப் பிள்ளை சொன்ன 'ள'

திருப்பூரில் அரசு ஆரம்பப் பள்ளி ஆசிரியை நான். சுற்றிலும் லைன் வீடுகளும் பனியன் கம்பெனிகளும்தான். இப்போது என் நான்காம் வகுப்பில் 31 பேர். அதில் 14 பேரின் பெற்றோர் வடக்கிலிருந்து வந்தவர்கள். இப்படியொரு வகுப்பை வைத்திருக்கும் மற்ற ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், செக்கிங் வேலைக்குப் போகிற ஒரு தாய் தன் 9 வயது மகளைச் சேர்க்க வந்தார். டி.சி. கிடையாது, பிறந்த சான்றிதழும் கிடையாது. கல்வி உரிமைச் சட்டப்படி அதைக் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது, வயதுக்கேற்ற வகுப்பில்தான் உட்கார வைக்க வேண்டும். அந்தச் சட்டத்தை நான் முழு மனதோடு மதிக்கிறேன். ஆனால் அ, ஆ தெரியாத பிள்ளை நேராக நான்காம் வகுப்புக்கு வந்துவிடும். அப்புறம் பார்க்க வேண்டியது நாம்தான். 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படை எழுத்து, கணக்குத் திட்டத்தில் அவளை முதல் படியான அரும்பு நிலையில் வைத்தேன்.

சின்ன வயதில் இந்திப் பரீட்சை எழுதியவள் நான். அவளிடம் இந்தியிலேயே பேசினேன். தலையைக் குனிந்துகொள்வாள், பதிலே வராது. இரண்டு மாதம் இப்படியே போனது. மந்தமான பிள்ளை என்று மனதுக்குள் முடிவுகட்டியும் விட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வலிக்கிறது.

ஒருநாள் பீகார்ப் பையன் ஒருவன் எழுந்து, "நான் தினமும் பல்லிக்கு வர்றேன்" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் முகம் சுண்டிப்போனது. அப்போது கடைசி வரிசையிலிருந்து அந்தச் சிறுமி மெதுவாக, "பள்ளி" என்றாள். நாக்கு நன்றாக மடங்கி, அப்படியே நம் ள. எனக்கு ஆச்சரியம். வெள்ளம், கண், மணி என்று வரிசையாகச் சொல்லச் சொன்னேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. பழம் மட்டும் 'பளம்' ஆனது. அது நம் பிள்ளைகளுக்கே ஆகிறது.

சாயங்காலம் தாயிடம் விசாரித்தேன். ஒடிசாவாம். வீட்டில் பேசுவது ஒடியா. அந்த மொழியில் ள, ண இரண்டும் உண்டு. இந்தியில் ள கிடையாது. போஜ்புரி பேசுகிற பிள்ளைக்கு ண-வும் ந என்றுதான் வரும். அவளுக்கு இந்தி நம் பிள்ளைகளுக்குத் தெரிகிற அளவுதான். தெரியாத மொழியைப் புரியவைக்க, தெரியாத இன்னொரு மொழியில் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்!

மறுநாள் வீட்டில் என்ன சாப்பிட்டாய் என்று சைகையில் கேட்டேன். "பொக்காளோ" என்றாள். அதிலும் ஒரு ள! சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்கவிட்டு, வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு சாப்பிடுவது. தாய் விளக்கியதை வகுப்பில் சொன்னதும் ஒரு பையன், "எங்க அப்பத்தாளும் காலைல அதுதான் குடிக்குமுங்க டீச்சர்" என்று துள்ளினான். அன்றைக்குத்தான் மற்ற பிள்ளைகள் அவள் பக்கத்தில் இடம்பிடிக்கச் சண்டை போட்டார்கள்.

கரும்பலகையில் நம் ள-வுக்குப் பக்கத்தில் அவள் தன் ஊர் எழுத்தைப் போட்டுக் காட்டினாள். ஒடியா எழுத்தெல்லாம் உருண்டையாக இருக்கும். ஓலையில் எழுத்தாணியால் நேர்கோடு இழுத்தால் ஓலை கிழிந்துவிடும், அதனால் வந்த உருவம் என்பார்கள். பீகார்ப் பையனுக்கு 'பள்ளி' சொல்லக் கற்றுக்கொடுத்தது நானல்ல, அவள்தான். அரையாண்டுக்குள் அடுத்த படியான மொட்டு நிலைக்கு வந்தாள். "வர்றனுங்க டீச்சர்" என்று கொங்குத் தமிழ் பேசினாள்.

அடுத்த ஆண்டு ஊர்ப் பண்டிகைக்கு ரயில் ஏறிப் போன குடும்பம் திரும்பவில்லை. இப்படிப் போகிறவர்கள் நிறைய.

'வடக்கன்' என்ற சொல்லை வகுப்பில் யார் சொன்னாலும் நிறுத்திவிடுகிறேன். வீட்டில் பெரியவர்கள் பேசுவதைத்தான் பிள்ளை இங்கே கொண்டுவருகிறது. அந்த 14 பேருக்குள்ளேயே நான்கு தாய்மொழிகள் இருக்கின்றன. இப்போதெல்லாம் சேர்க்கைக்கு வருகிறவர்களிடம் எந்த மாநிலம் என்று கேட்பதற்கு முன், வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று கேட்கிறேன். போஜ்புரி என்பார்கள், மைதிலி என்பார்கள். போன ஜூனில் ஜார்க்கண்ட் தாய் ஒருவர் சந்தாலி என்றார். தண்ணீருக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டு, நோட்டில் முதல் சொல்லாக எழுதிக்கொண்டேன்: தாக்.