ஜெய்சல்மேர் பாலைவனத் தேசியப் பூங்கா: ஒரு பகலில் வழிகாட்டியோடு போய்வர முடியுமா?

மலர், கோத்தகிரி:
வணக்கம். ஜனவரியில் அப்பா அம்மாவோடு ராஜஸ்தான் போகிறோம். ஜெய்சல்மேரில் ஒரு பகல் அப்பாவுக்காகவே ஒதுக்கியிருக்கிறேன். டீ ஃபேக்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் பைனாகுலரோடு லாங்வுட் சோலைப் பக்கம் போய்வராவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கானமயிலை (கிரேட் இந்தியன் பஸ்டர்ட் என்கிற பெரிய புல்வெளிப் பறவை) நேரில் பார்க்க வேண்டும் என்பது பல வருட ஆசை. ஓட்டலில் கேட்டால் மதியம் கிளம்பி ஒட்டகச் சவாரி, அஸ்தமனம், ராத்திரி ஆட்டம் பாட்டு என்கிறார்கள். பூங்கா இதில் எங்கே வருகிறது? அப்பாவுக்கு முழங்கால் வலியும் உண்டு.

ரமேஷ், குன்னூர்:
நாங்கள் அந்தப் பாக்கேஜில்தான் போனோம். சாம் மணல்மேடு, பிள்ளைகளுக்கு ஒரே குஷி. பறவை எதுவும் பார்க்கவில்லை.

சிகூர் ஜீப்காரர், மசினகுடி:
மலர், அதை எடுக்காதீர்கள் மா. அப்பா தேடும் பறவை மணல்மேட்டில் இல்லை, புல்வெளியில் இருக்கிறது.

பூங்கா 3,162 சதுர கிலோமீட்டர். ஜெய்சல்மேர், பார்மேர் இரண்டு மாவட்டத்திலும் கிடக்கிறது, உள்ளேயே ஊர்கள், ஆடு மாடு எல்லாம் உண்டு. முதுமலை மாதிரி ஒரு கேட், அதைத் தாண்டினால் காடு என்று நினைத்துப் போனால் குழம்பிவிடும். நீங்கள் கேட்க வேண்டிய இடம் சுதாசரி. ஊரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். வேலி போட்டுக் காப்பாற்றும் சேவண் புல்வெளி அது. பறவை பார்க்கக் கூட்டிப்போகும் உள்ளூர் வழிகாட்டியைப் பிடியுங்கள். விடியுமுன் கிளம்ப வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அனுமதியை அவரே முன்னாடி வாங்கி வைக்கட்டும். எல்லைப் பக்கம் என்பதால் அசல் ஆதார் கையில் இருக்கட்டும்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். வெளிச்சம் வந்த கொஞ்ச நேரத்தில் புல்லுக்கு மேலே வெள்ளைக் கம்பு நட்டுவைத்தது போல ஒன்று தெரிந்தது. அது கழுத்து. அப்புறம்தான் தலையில் கறுப்புத் தொப்பி கண்ணில் பட்டது. ஒரு மீட்டர் உயரப் பறவை, ஆண் என்றால் 15 கிலோ வரை இருக்கும். நாலடி நடக்கும், எதையோ கொத்தும், நிமிர்ந்து நிற்கும். கூட வந்த ஒருவர் கிட்டே போகச் சொன்னார். வழிகாட்டி எஞ்சினை அணைத்துவிட்டு நகரவே மாட்டேன் என்றுவிட்டார். அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும். படத்துக்காகப் பறவையை விரட்டுகிறவரோடு தயவுசெய்து போகாதீர்கள்.

காட்டில் மிச்சம் இருப்பதே 150-க்கும் கீழே மா. தமிழ்நாட்டிலும் ஒரு காலத்தில் இருந்த பறவை. பெரும்பாலும் ஒரே முட்டைதான் இடும். கண் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே பார்வை குறைவு. மின்கம்பி கிட்டே வந்த பிறகு அந்த எடையோடு திரும்ப முடியாமல் மோதிச் சாகிறது. போகிற வழியெல்லாம் காற்றாலைகளும் கம்பிகளும் பார்ப்பீர்கள், எனக்கு மனசே ஆறவில்லை. 2019 முதல் முட்டைகளை எடுத்துவந்து சாமில் பொரிக்க வைத்து வளர்க்கிறார்கள். 2024-ல் செயற்கைக் கருவூட்டலிலும் ஒரு குஞ்சு வந்தது. வழிகாட்டி இதைத் தன் வீட்டுக் குழந்தை பிறந்த மாதிரி சொன்னார்.

கானமயில் கண்ணில் படாமலும் போகலாம். அப்பாவிடம் முன்பே சொல்லிவையுங்கள். ஆனால் சும்மா திரும்ப மாட்டார். நம் மோயாற்றுப் பள்ளத்தில் வெண்முதுகுப் பாறு என்கிற பிணந்தின்னிக் கழுகைப் பார்க்கிறோமே, அந்தப் பாலைவனத்தில் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பெரிய கரும்பாறுகள் வந்து இறங்கும். சின்காரா மான், பாலைவன நரி, முள்வால் பல்லி எல்லாம் உண்டு. வன்னி மரமும் எருக்கும் நமக்குத் தெரிந்தவைதான்.

மலர், கோத்தகிரி:
ரொம்ப நன்றி அண்ணா. முழங்காலுக்குச் சிரமம் இருக்காதே? மதியத்துக்கு மேல் வேறு ஏதாவது பார்க்கலாமா?

சிகூர் ஜீப்காரர், மசினகுடி:
பெரும்பாலும் வண்டியில் உட்கார்ந்தே பார்க்கலாம். முன் சீட்டு அப்பாவுக்கு. ஊட்டிக் குளிர் பழகியவர் என்று விட்டுவிடாதீர்கள், திறந்த ஜீப்பில் விடியற்காலைக் காற்று முகத்தில் அறையும், குல்லாவும் கம்பளியும் கட்டாயம். பத்து மணிக்கு மேல் அதையெல்லாம் கழற்றும் அளவு வெயில் வந்துவிடும், தண்ணீர் நிறைய வையுங்கள். மதியம் ஓய்வெடுத்துவிட்டு அகல் மரப் புதைபடிவப் பூங்கா போங்கள், ஊரிலிருந்து பார்மேர் சாலையில் 17 கிலோமீட்டர். சுமார் 18 கோடி ஆண்டு பழைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அங்கே கொஞ்சம் நடக்க வேண்டும், அப்பாவுக்கு முடிந்தால் மட்டும். எந்தத் தேதி என்று சொல்லுங்கள், எங்களைக் கூட்டிப்போனவரிடம் கேட்டுச் சொல்கிறேன்.