கிணற்றடி வீட்டு உறவுகள் (23 பேர்)

கமலா: வைகாசி 11 ஞாயிறு காலை நாலரைக்கு கணபதி ஹோமம், ஆறுக்குள் பால் காய்ச்சுகிறோம். சனி ராத்திரியே எல்லாரும் ராஜபாளையம் வந்துவிட வேண்டும். சமையல்காரர் தலைக்கணக்கு கேட்கிறார். கோயம்புத்தூரிலிருந்து எத்தனை பேர்?

கீதா: இரண்டு பேர் அத்தை. அப்புறம் லட்டு.

முருகன்: லட்டு பலகாரக் கணக்கிலா, ஆள் கணக்கிலா? 😂

கமலா: ஹோமம் நடக்கிற வீட்டுக்குள் நாயா?

விக்னேஷ்: அம்மா, மாட்டை மட்டும் நடுக்கூடம் வரை கூட்டி வருகிறாய்

கமலா: கோமாதாவும் அதுவும் ஒன்றாடா

ராணி: மதினி, தாம்பூலப் பைக்குள் சில்வர் கிண்ணமா, பிளாஸ்டிக் டப்பாவா?

முருகன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

விக்னேஷ்: நான் படித்துவிட்டேன் சின்ன மாமா 🙈

கீதா: நானும்தான். "மாப்பிள்ளையே வரும்போது இன்னொரு ஹட்ச் நாய் எதற்கு." தீபாவளிக்கும் இதே பேச்சு. துணிக்கடையில் என் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தது ஒரு குற்றமா சித்தப்பா?

முருகன்: விளையாட்டுக்குச் சொன்னதம்மா

பிரபு: பரவாயில்லை மாமா.

ராணி: சில்வரா, டப்பாவா?

சண்முகம்: இதில் கோபப்பட ஒன்றும் இல்லை. அந்த விளம்பரம் 2003இல் வந்தது. சின்னப் பையன் போகிற இடமெல்லாம் ஒரு பக் நாய் பின்னாலேயே போகும், எங்கள் நெட்வொர்க்கும் அப்படித்தான் என்று ஹட்ச் கம்பெனி சொன்னது. 2007இல் ஹட்ச் வோடபோன் ஆகிவிட்டது. கம்பெனி பெயர் போயும் நாய்க்கு ஒட்டிய பெயர் போகவில்லை. பக் சீனாவிலிருந்து வந்தது, அங்கே அரண்மனைச் செல்லம். அதே 2003இல் ஈராக் போரின்போது பிரிட்டன் பிரதமர் டோனி பிளேரை "புஷ்ஷின் பூடில்" என்று அவர் ஊர்க்காரர்களே கேலி செய்தார்கள். அதற்கும் கிட்டத்தட்ட நூறு வருடம் முன்பு அங்கே அமைச்சராக இருந்த லாயிட் ஜார்ஜ், பிரபுக்கள் சபை என்ற மேல்சபை எதிர்க்கட்சித் தலைவர் பால்ஃபர் சொன்னபடி ஆடுகிறது என்று அதை "பால்ஃபரின் பூடில்" என்றார். இத்தனைக்கும் பூடில் மடியில் உட்காரப் பிறந்த நாய் இல்லை. சுட்டு விழுந்த வாத்தை நீந்திப் போய்க் கவ்விக்கொண்டு வரும் வேட்டை நாய். ஆகவே

விக்னேஷ்: பெரிய மாமா, பிரபுக்கள் சபையா? அண்ணனுக்குச் சபை வேறு இருக்கிறதா

கீதா: அப்பா, நீங்கள் யார் பக்கம்?

சண்முகம்: ஆகவே திட்டுகிறவர்களுக்கு நாயைப் பற்றித் தெரிவதில்லை என்கிறேன்.

முருகன்: நம் ஊர் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலையே போட்டார்கள். அதை வளர்த்தால் மரியாதை

சண்முகம்: 2005இல்.

விக்னேஷ்: அதை ஃபிளாட்டில் வளர்த்தால் ஃபிளாட் அதனுடையது

கமலா: கீதா, இரண்டு நாள் பக்கத்து வீட்டில் விட முடியாதா?

கீதா: முடியாது அத்தை. சப்பை மூக்கு, வெயில் ஆகாது. மற்ற நாய்கள் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்ளும், இதற்கு அது போதாது. போன வாரம் கரண்ட் போனபோது குளியலறைத் தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொண்டு கொர் கொர் என்று இழுத்தது, பயந்துவிட்டேன். ரயிலிலும் முதல் வகுப்பில் கூபே முழுவதையும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கார்டு பெட்டிக் கூண்டு. கத்திரி வெயிலில் கூண்டா? காரில் ஏசி போட்டுத்தான் வர வேண்டும்.

முருகன்: அண்ணன் வாங்கிக் கொடுத்த கார்தானே, தாராளமாக ஓட்டலாம்

பிரபு: நான் லட்டுவோடு இங்கேயே இருந்துகொள்கிறேன். கீதா மட்டும் வரட்டும்.

கமலா: மாப்பிள்ளை வராமல் நான் பால் காய்ச்ச மாட்டேன். முருகா, நீ போனைக் கீழே வை.

ராணி: எங்கள் மாடி அறையில் ஏசி இருக்கிறது. லட்டு அங்கே இருக்கட்டும்.

முருகன்: என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

ராணி: இப்போது கேட்கிறேன்

முருகன்: சரி. நீ சொன்னால் சரி.

கீதா: சித்தப்பா, இதற்கு எந்த நாயின் பெயர்?

விக்னேஷ்: 🐶🐶🐶

முருகன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கமலா: மாப்பிள்ளை, வருகிறீர்கள்தானே?

பிரபு: பார்க்கிறேன் அத்தை. லீவு கேட்டிருக்கிறேன்.

கமலா: அப்போது கோயம்புத்தூர் ஒன்றா, இரண்டா? சமையல்காரர் லைனில் இருக்கிறார்

ராணி: மதினி, டப்பாவே வாங்கிவிட்டேன்

கமலா: ஐயோ, நான் சில்வர் சொல்லிவிட்டேனே