கேம்டனில் ஓடிய ஊர்ப்படை கவ்பென்ஸில் எப்படி ஜெயித்தது? போர்டு கேம் விதிக்கு உதவி தேவை

கேள்வி (வரைபடப்பித்தன்):
வணக்கம் நண்பர்களே. அமெரிக்க விடுதலைப் போரில் தெற்கு மாகாணங்களில் 1780, 81ல் நடந்த சண்டைகளை வைத்து ஒரு போர்டு கேம் தயார் செய்துகொண்டிருக்கிறேன், கல்லூரி நண்பர்களோடு விளையாடத்தான். வரைபடம், காய்கள், நகர்வு எல்லாம் சரியாக வந்துவிட்டன. மிலிஷியா எனப்படும் அமெரிக்க ஊர்ப்படைதான் படுத்துகிறது.

ஒவ்வொரு காய்க்கும் மன உறுதிக்கு ஓர் எண் உண்டு. பிரிட்டிஷ் படைக்கும், வாஷிங்டனின் முறையான ராணுவமான கான்டினென்டல் படைக்கும் 5. ஊர்ப்படைக்கு 2 வைத்தால் கேம்டன் (1780 ஆகஸ்ட் 16) அப்படியே வருகிறது, முதல் சுற்றிலேயே ஓடிவிடுகிறார்கள். அதே எண்ணோடு கவ்பென்ஸ் (1781 ஜனவரி 17) ஆடினால் அமெரிக்கத் தளபதி டேனியல் மோர்கன் ஒவ்வொரு தடவையும் தோற்கிறார். 4 ஆக்கினால் கவ்பென்ஸ் சரியாகிறது, ஆனால் கேம்டனில் பிரிட்டிஷார் உதை வாங்குகிறார்கள். 3 வைத்தால் இரண்டுமே கெட்டுப்போகிறது. இடையில் ஐந்தே மாதம், இரண்டு இடத்திலும் துப்பாக்கி எடுத்துவந்த விவசாயிகள்தான். ஒரே காய்க்குச் சண்டைக்கொரு எண் வைக்க மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில் (கரிமருந்து):
தம்பி, எண்ணில் கோளாறு இல்லை. 2லேயே விடுங்கள். அந்தக் காயிடம் என்ன வேலை வாங்குகிறீர்கள் என்பதில்தான் கோளாறு.

மஸ்கட் துப்பாக்கியை ஒரு முறை கெட்டித்துச் சுட, பழகிய சிப்பாய்க்கே 15, 20 விநாடி ஆகும். நம்பிச் சுடக்கூடிய தூரம் 80, 100 கஜம். எதிரே வரிசை வேகமாக வந்தால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு குண்டு, அதிகம் போனால் இரண்டு. அப்புறம் பயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) வந்துவிடும். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவன் தன் பயனெட்டை நீட்டி நிற்பான். ஊர்ப்படை ஆளிடம் பெரும்பாலும் பயனெட்டே கிடையாது, வேட்டை ரைஃபிள் வைத்திருந்தால் கெட்டிக்க இன்னும் நேரமாகும். அந்த இடத்தில் அவன் ஓடுவதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனமில்லை, வேறு என்ன செய்வான்?

கேம்டனில் அமெரிக்கத் தளபதி கேட்ஸ் செய்ததைப் பாருங்கள். வர்ஜீனியா, வட கரோலினா ஊர்ப்படைகளைத் திறந்தவெளியில் இடப்பக்கம் முழுக்க நிறுத்தினார். பிரிட்டிஷார் தங்கள் தேர்ந்த படையை வழக்கமாக வலப்பக்கம் நிறுத்துவார்கள், ஆக அது நேரே ஊர்ப்படையின் முகத்துக்கு வந்தது. முந்தின இரவு சாப்பாட்டோடு வெல்லப்பாகு கொடுத்ததில் பாதிப் பேருக்கு வயிறு கலங்கி, நடக்கும்போதே வரிசையை விட்டு ஓடி ஓடி ஒதுங்கியிருக்கிறார்கள். விடிந்ததும் பயனெட் வரிசை ஆரவாரத்தோடு வந்தது, பலர் கெட்டித்த துப்பாக்கியைச் சுடாமலே போட்டுவிட்டு ஓடினார்கள். வலப்பக்கம் மேரிலாந்து, டெலவேர் கான்டினென்டல்கள் டி கால்ப் தலைமையில் தனியாக நின்று சண்டை போட்டார்கள். அவர் உடம்பெல்லாம் காயம் பட்டு மூன்றாம் நாள் இறந்தார்.

மோர்கன் ஊர்ப்படையை நில் என்று சொல்லவே இல்லை. முந்தின இரவு நெருப்பு மூட்டி உட்கார்ந்திருந்தவர்களிடம் ஒவ்வொரு கூட்டமாகப் போய்ப் பேசினார். இளவயதில் பிரிட்டிஷ் அதிகாரியை அடித்ததற்காக வாங்கிய கசையடித் தழும்பை முதுகில் காட்டினார் (500 அடி விதித்து ஒன்றை விட்டுவிட்டார்கள் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்). அதிகாரிகளைப் பார்த்துக் குறிவையுங்கள், இரண்டு மூன்று முறை சுடுங்கள், பிறகு நீங்கள் பின்னால் போகலாம் என்றார். பின்னால் ஹோவர்டின் கான்டினென்டல் வரிசை தயாராக நின்றது. ஊர்ப்படை விலகி, பிறகு ஹோவர்டின் வரிசையும் சற்றுப் பின்வாங்கியதும், பிரிட்டிஷ் தளபதி டார்ல்டனின் ஆட்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்து வரிசை கலைந்து ஓடிவந்தார்கள். ஹோவர்டின் ஆட்கள் சில பத்து கஜத்தில் திரும்பிச் சுட்டுவிட்டுப் பயனெட்டோடு பாய்ந்தார்கள். போன ஊர்ப்படையும் தன் தலைவர் பிக்கன்ஸோடு அணி சேர்ந்து திரும்பி வந்தது. டார்ல்டனின் சுமார் 1,100 பேரில் 800க்கு மேல் செத்தார்கள் அல்லது பிடிபட்டார்கள்.

ஆக ‘சுட்டு விலகு’ என்று ஒரு கட்டளை வையுங்கள். அந்தக் கட்டளை உள்ள ஊர்ப்படைக் காய், பின்னால் கான்டினென்டல் காய் இருந்தால், பகடை உருட்டாமல் பின்வாங்கலாம், இரண்டு சுற்று கழித்துத் திரும்பலாம்.

பதில் (ஆற்றோரம்):
மேலே சொன்னது சரி, ஒன்று சேர்க்கிறேன். கவ்பென்ஸில் ஹோவர்டின் வரிசையில் நின்ற வர்ஜீனியா ஊர்ப்படையில் பலர் கான்டினென்டலில் சேவை முடித்து வந்த பழைய சிப்பாய்கள். அவர்களுக்குத் தனிக் காய், மன உறுதி 4 தரலாம், இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

ஆனால் சண்டைக்களத்தை மட்டும் பார்த்தால் ஊர்ப்படை என்றைக்கும் சோப்ளாங்கியாகத்தான் தெரியும். வாஷிங்டனே 1776ல் அவர்களை நம்புவது ஒடிந்த கோலை ஊன்றுவது என்று காங்கிரசுக்கு எழுதினார். அதே வாஷிங்டன் 1777 குளிர்காலத்தில், நியூ ஜெர்சியில் வைக்கோல் தேடி வந்த பிரிட்டிஷ் கூட்டங்களை அடிக்க ஊர்ப்படையைத்தான் பயன்படுத்தினார். குதிரைக்குத் தீவனம் எடுக்கக்கூடப் பெரிய படையோடு போக வேண்டியதாயிற்று. முறையான ராணுவம் ஓர் ஊரை விட்டுப் போன மறுநாள் அங்கே யார் அதிகாரம் என்பதை முடிவு செய்தது ஊர்ப்படை. இது உங்கள் வரைபடத்தில் இருக்கிறதா? பிரிட்டிஷ் காய் இல்லாத மாவட்டம் தானாகக் கைமாற வேண்டும். ஊர்ப்படைக்குக் காலக்கெடுவும் வையுங்கள், சில வாரம், சில மாதம்தான், அப்புறம் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

வரைபடப்பித்தன்:
அண்ணா, அருமை! ‘சுட்டு விலகு’ போட்டு ஆடினோம். மன உறுதி 2லேயே கவ்பென்ஸில் மோர்கன் ஜெயிக்கிறார், கேம்டனில் ஓடுகிறார்கள். பழைய சிப்பாய்களுக்குத் தனிக் காயும் வெட்டியாகிவிட்டது. மாவட்ட விதியை அடுத்த வாரம் சேர்க்கிறேன். இன்னொரு சந்தேகம்: கில்ஃபோர்டு கோர்ட்ஹவுஸில் (1781 மார்ச் 15) அமெரிக்கத் தளபதி கிரீன் அதே மாதிரி ஊர்ப்படையை முன்னால் விட்டு மூன்று வரிசை வைத்தார், இருந்தும் களத்தை விட்டார். என் ஆட்டத்தில் அவர் எப்போதும் ஜெயிக்கிறார்.

பதில் (கரிமருந்து):
வரிசைகளுக்கு இடையே எத்தனை கட்டம் வைத்திருக்கிறீர்கள்? கில்ஃபோர்டில் ஒவ்வொன்றுக்கும் நடுவே 300 கஜத்துக்கு மேல், அதுவும் காடு. முன்வரிசையில் நின்ற வட கரோலினாக்காரர்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று கண்ணுக்கே தெரியாது. ஒன்றிரண்டு முறை சுட்டுவிட்டுப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. ஆதரவுக் காய் மரம் மறைக்காமல் பார்க்கும் தூரத்தில் இருந்தால்தான் ‘சுட்டு விலகு’ செல்லும் என்று மாற்றுங்கள்.

வெற்றிக் கணக்கையும் பாருங்கள். பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸ் களத்தைப் பிடித்தார், ஆனால் சுமார் 1,900 பேரில் 500க்கு மேல் செத்தும் காயப்பட்டும் போனார்கள், படையைத் தேற்றக் கடற்கரையில் வில்மிங்டனுக்குப் போக வேண்டியதாயிற்று. களத்துக்கு 2 புள்ளி கொடுங்கள், இழக்கும் ஒவ்வொரு பிரிட்டிஷ் காய்க்கும் 1 கழியுங்கள். அவருக்கு மாற்று ஆள் கடல் தாண்டி வர வேண்டும், கிரீனுக்கு அடுத்த மாவட்டத்தில் கிடைப்பார்கள்.